நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டிய யோகா ஆசான்: கிருஷ்ணமாச்சாரியாரின் இதயம் உண்மையில் நின்றதா? பயிற்சி நம் ரத்த ஓட்டத்தை எப்படி மாற்றுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்கு முன்பே ஈசிஆரில் சைக்கிள்கள் வரிசைகட்டிவிடும். திருவான்மியூர் பக்கமிருந்து கிளம்பி, முட்டுக்காடு, கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகிறவர்கள் வழியில் நெம்மேலியைக் கடக்கிறார்கள். அங்கேதான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 2024-இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் திறனில் இன்னொரு ஆலையும் வந்தது.

அந்த ஆலை ஓட மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். தள்ளும் பம்ப், தண்ணீர் போகும் குழாய், குழாய்க்குள் ஓடும் நீரின் தன்மை. வெளியே சைக்கிள் மிதிப்பவரின் உடம்பிலும் கணக்கு இதேதான். இதயம் பம்ப், ரத்தக் குழாய்கள் பைப், ரத்தம் அதற்குள் ஓடும் திரவம்.

இதில் பம்பையே நினைத்தபோது நிறுத்திக் காட்டுகிறார் என்று 90 ஆண்டுகளுக்கு முன் ஒருவரைப் பற்றி உலகம் பேசியது. அவர் வாழ்க்கையின் கடைசி 37 ஆண்டுகளைக் கழித்தது நம்ம சென்னையில். பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இன்று உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் கற்றுத்தரப்படும் யோகாவின் பெரும்பகுதி, ஏதோ ஒரு வழியில் அவரிடம் போய்த்தான் முடியும்.

அவருடைய இதயம் உண்மையிலேயே நின்றதா? இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் தேடிய விடை, உடற்பயிற்சி நம் ரத்தத்தை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

யார் இந்தக் கிருஷ்ணமாச்சாரியார்?

1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரத்தில் பிறந்தார். வைணவக் குடும்பம். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. பத்து வயதிலேயே அப்பாவை இழந்தார். பிறகு குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது.

16 வயதில் தமிழ்நாட்டின் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை வந்ததாகவும், அங்கே ஒரு தரிசனத்தில் நாதமுனிகளிடமே யோக உபதேசம் பெற்றதாகவும் பின்னாளில் அவரே தன் மாணவர்களிடம் சொன்னார். அதன்பின் மைசூர், காசி எனச் சுற்றி சமஸ்கிருதம், தர்க்கம், ஆயுர்வேதம் எல்லாம் படித்தார். இமயத்துக்கு அப்பால் மானசரோவர் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழு ஆண்டுகள் யோகம் கற்றார் என்பதும் அவர் சொன்ன வரலாறுதான்.

இவ்வளவு படித்துவிட்டு வந்தவருக்கு யோகா சோறு போடவில்லை. அந்தக் காலத்தில் யோகா என்றால் சாமியார் சமாசாரம் என்று ஒதுங்கிப்போன குடும்பங்கள்தான் அதிகம். 1925-இல் நாமகிரியம்மாளைத் திருமணம் செய்தபின், குடும்பச் செலவுக்காக ஹாசன் பக்கம் ஒரு காபி தோட்டத்தில் அவர் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

அரண்மனையில் ஒரு யோகசாலை

திருப்பம் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் வடிவில் வந்தது. நீரிழிவு உள்ளிட்ட உடல் தொல்லைகளால் அவதிப்பட்டவர் மகாராஜா. கிருஷ்ணமாச்சாரியாரை மைசூருக்கு அழைத்தவர், 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியை யோகசாலைக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தார்.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ்.ஐயங்கார், இந்திரா தேவி மூவருமே மைசூரில் அவரிடம் பயின்றவர்கள். ஐயங்கார் அவருடைய மைத்துனரும்கூட. இந்திரா தேவி ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கற்றுத்தர முதலில் தயங்கிய கிருஷ்ணமாச்சாரியார், மகாராஜா சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார்.

மைசூரில் அவருடைய வகுப்பு ஆசுவாசமாக உட்கார்ந்து மூச்சு விடும் வகுப்பு அல்ல. மாணவர்கள் பெரும்பாலும் துள்ளுகிற வயதுப் பையன்கள். குதித்து, தாவி, ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு நிற்காமல் போகும் கடுமையான பயிற்சி அது. அங்கே ஏற்கெனவே இருந்த உடற்பயிற்சி மரபுகளின் தாக்கமும் இதில் உண்டு என்று சில வரலாற்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

யோகாவின் பக்கம் ஆட்களை இழுப்பதும் அவர் வேலையில் ஒரு பாகம். அதற்காக ஊர் ஊராகப் போய் மேடைகளில் செய்துகாட்டினார். வெறும் கையால் காரை நிறுத்துவது, கனமான பொருளைப் பல்லால் தூக்குவது, கடினமான ஆசனங்கள். எல்லாவற்றுக்கும் உச்சமாக, நாடித்துடிப்பை நிறுத்துவது. இன்றைய கணக்கில் சொன்னால் இதெல்லாம் அவருடைய வைரல் ரீல்ஸ்.

1935: இசிஜி கருவியோடு வந்த பிரெஞ்சு மருத்துவர்

இதயத்தை நிறுத்தும் யோகிகள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்ற பேச்சைச் சோதிக்க, 1935-இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இங்கே வந்தார். கையோடு ஒரு இசிஜி கருவியையும் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

அவர் சோதித்தவர்களில் 46 வயதுக் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். ப்ரோஸ் வெளியிட்ட பதிவில் ஓர் இசிஜி கோடு, சுவாசக் கோடு, மணிக்கட்டு நாடியின் கோடு ஆகியவை இருந்தன. ஒரு கட்டத்தில் இதயத்தின் மின்குறியீடு மிகவும் சிறுத்துப்போயிருந்தது. இதயத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தும் அளவுக்கு மனிதரால் கட்டுப்படுத்த முடியும் என்ற பேச்சுக்கு இது அறிவியல் முத்திரை குத்தியதுபோல் ஆனது. செய்தி உலகம் சுற்றியது.

1957: அதே மனிதர், மீண்டும் ஒரு சோதனை

22 ஆண்டுகள் கழித்து இன்னொரு குழு வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வெங்கர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாக்சி இருவரும் கருவிகளோடு இந்தியாவைச் சுற்றினார்கள். டெல்லி எய்ம்ஸின் உடலியங்கியல் பேராசிரியர் ஆனந்த் அவர்களோடு சேர்ந்தார். இதயத்தையோ நாடியையோ நிறுத்துவதாகச் சொன்னவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். அவர்களில் ஒருவர், அப்போது சென்னைவாசி ஆகிவிட்டிருந்த, எழுபது வயதை நெருங்கிய அதே கிருஷ்ணமாச்சாரியார்.

முடிவுகள் 1961-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வெளியாயின. இதயத்தை நிறுத்துவதாகச் சொன்னவர்களிடம் இதய ஒலி மங்கியது. மணிக்கட்டில் நாடி பலவீனமானது, சில நேரம் தொட்டுப் பார்த்தால் கிடைக்கவே இல்லை. ஆனால் இசிஜியில் இதயம் தொடர்ந்து துடித்துக்கொண்டேதான் இருந்தது.

அதாவது, பம்ப் நிற்கவில்லை. பம்புக்கு வர வேண்டிய தண்ணீர்தான் குறைந்தது.

இதயம் நிற்காமல் நாடி மட்டும் எப்படி மறைந்தது?

ஆழமாக மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கி முக்கினால் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் எகிறும். உடம்பெங்கும் சுற்றிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரைகள் மெல்லிய சுவர் கொண்டவை. அந்த அழுத்தத்தில் அவை நசுங்கும். இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும். வராத ரத்தத்தை இதயம் எங்கிருந்து வெளியே தள்ளும்? ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு சுருங்கும், நாடி தளரும். மருத்துவத்தில் இதற்கு வல்சால்வா என்று பெயர்.

அப்படியென்றால் ப்ரோஸ் பார்த்த அந்தச் சிறுத்த கோடு? ஆழமாக மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்க, இதயத்தின் நிலையும் கொஞ்சம் திரும்பும். ஒரே கோணத்திலிருந்து மட்டும் பதிவு செய்தால் குறியீடு சிறுத்துத் தெரியலாம். இன்று மருத்துவமனையில் 12 கோணங்களில் இசிஜி எடுப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

இதனால் அவர் ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. நாடி மறைந்தது உண்மை. அந்த அளவுக்குத் தசைகளையும் மூச்சையும் ஆள்வதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. பிழை அதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்தில்தான்.

சென்னைக்கு வரக் காரணமே ஒரு பக்கவாதம்

மகாராஜா 1940-இல் காலமானார். சுதந்திரத்துக்குப் பின் அரண்மனை ஆதரவு வற்றியது. 1950-இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபதைத் தாண்டிய வயதில், பெரிய குடும்பத்தோடு, வேலை போன நிலையில் நின்றார் கிருஷ்ணமாச்சாரியார்.

1952-இல் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த பிரபல சட்ட வல்லுநர் ஒருவர் அவருடைய உதவியை நாடினார். பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு விழுவதால் வருபவை. மேடையில் நாடியை நிறுத்திக் காட்டியவர், ரத்த ஓட்டம் தடைபட்ட ஒரு நோயாளிக்காக இந்த ஊருக்கு வந்தார்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் மைசூர்ப் பையன்கள் அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி, ஆஸ்துமா என்று வந்த நடுத்தர வயதினர், முதியவர்கள், பெண்கள். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் கற்றுக்கொடுத்தார். ஆயுர்வேத முறையில் நாடி பிடித்துப் பார்த்து, வயது, வேலை, நோய் எல்லாம் விசாரித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி வகுத்தார். குதிப்பது குறைந்தது. ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சோடு சேர்ந்து மெதுவாக நடந்தது.

காரை நிறுத்தியவர், நாற்காலியிலோ கட்டிலிலோ செய்யக்கூடிய பயிற்சிகளையும் யோசிக்கத் தொடங்கினார். இன்ஜினீயரான அவருடைய மகன் தேசிகாச்சாரும் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார்.

சரி, பயிற்சி ரத்தத்தை உண்மையில் என்ன செய்கிறது?

இதயத்தை நிறுத்துவது நடக்காத காரியம். ஆனால் தொடர்ந்து செய்யும் பயிற்சியால் பம்ப், குழாய், திரவம் மூன்றுமே மாறும் என்பது உறுதியான விஷயம். நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் போன்ற பயிற்சிகளை வைத்து இது நிறைய ஆராயப்பட்டிருக்கிறது.

பம்ப்: சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நாளுக்கு 7,200 லிட்டர். வேகமாக ஓடும்போது ஆரோக்கியமான ஒருவருக்கு இது 20 லிட்டரைத் தாண்டும். ஓய்வில் இதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகும். உச்சக்கட்டப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்குத் திரும்பிவிடும். தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுவதால், ஓய்வில் அவருடைய நாடித்துடிப்பு குறைகிறது. உங்கள் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் எண் இறங்குவது இதனால்தான்.

குழாய்: ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உள்சுவரை உரசுகிறது. அந்த உரசலை உணரும் சுவரின் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. குழாய் தளர்ந்து விரிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே கண்டுபிடித்த விதிப்படி, குழாயின் ஆரம் 10 சதவீதம் கூடினாலே, அதே அழுத்தத்தில் ஓட்டம் சுமார் 46 சதவீதம் கூடும். கொஞ்சம் விரிந்தாலே பெரிய லாபம். அதேபோல, கொஞ்சம் சுருங்கினாலே பெரிய நஷ்டம்.

திரவம்: ரத்தம் தண்ணீரைவிட மூன்று நான்கு மடங்கு பிசுபிசுப்பானது. பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது வியர்வையாலும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா தசைகளுக்குள் கசிவதாலும் ரத்தம் தற்காலிகமாகக் கெட்டியாகிறது. ஆனால் தொடர்ந்து பயிற்சி செய்தால் உடம்பு உப்பையும் நீரையும் கூடுதலாகச் சேமித்து, பிளாஸ்மாவின் அளவை 10 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்திவிடுகிறது. ஓய்வில் ரத்தம் முன்பைவிட நீர்த்து, எளிதாக ஓடுகிறது.

சிவப்பணுக்களும் மாறுகின்றன. ஒரு சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரான். அது நுழைந்து போக வேண்டிய தந்துகிகள் சில இடங்களில் அதைவிடக் குறுகலானவை. உடம்பை மடித்து, நெளிந்துதான் போக முடியும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதானவை விறைப்பாகும். பயிற்சி செய்பவர்களின் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்களின் பங்கு கூடுவதால், நெளிந்து போகும் திறனும் கூடுகிறது.

இன்னொன்று, கெண்டைக்கால். அதை இரண்டாவது இதயம் என்றே சொல்வார்கள். நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கிச் சிரைகளை அழுத்தி, ரத்தத்தை மேலே அனுப்புகிறது. சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பம்ப் ஓய்வெடுக்கிறது. கால் கனப்பதும் வீங்குவதும் இதனால்தான்.

மெதுவான மூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு என்ற வேகத்தில் சுவாசிக்கும்போது, ரத்த அழுத்தத்தைக் கண்காணித்துச் சீர்செய்யும் உடம்பின் ஏற்பாடு கூர்மையாகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் வலியுறுத்திய நீண்ட மூச்சு, இந்த வேகத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

ஜிம்மில் மூச்சைப் பிடிப்பவர்கள் கவனிக்க

கனமான எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குகிறோமே, அதுவும் வல்சால்வாதான். தொடக்கத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். அதிகபட்ச எடையோடு செய்த சோதனைகளில் மேல் அளவு 300-ஐத் தாண்டியது பதிவாகியிருக்கிறது. அடுத்து இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து அழுத்தம் சரியும். எடையை இறக்கியதும் சிலருக்குக் கண் இருட்டுவது இதனால்தான்.

ஆரோக்கியமான, பயிற்சி பெற்ற ஒருவர் இதைத் தாங்கிக்கொள்வார். உயர் ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, பக்கவாத வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. எடையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள் என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதற்காகத்தான். யோகா வீடியோவைப் பார்த்து மூச்சை நிமிடக் கணக்கில் அடக்கிப் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வெயிலில் சைக்கிள் மிதிப்பவர்கள் தண்ணீரை மறக்கக் கூடாது. கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடம்பும் சீக்கிரம் குளிராது, ஆனால் ரத்தத்திலிருந்து நீர் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு விஷயம். நன்றாக ஓடுபவர்களின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். பிளாஸ்மா கூடியதால் ரத்தம் நீர்த்திருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் நம் ஊரில், குறிப்பாகப் பெண்களிடம், இரும்புச்சத்துக் குறைபாடு பரவலாக இருக்கிறது. அதனால் ஓடுவதால்தான் குறைந்தது என்று நீங்களாகவே முடிவு செய்யாமல், மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நூறு வயது வரை

கிருஷ்ணமாச்சாரியார் 96 வயதில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டு, படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு பயிற்சியைத் தனக்குத் தானே வகுத்துக்கொண்டார். இன்று இடுப்பு முறிந்தால் அவரைப் பார்த்து அறுவை சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. முதியவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்க அந்தச் சிகிச்சைதான் உதவுகிறது. நீண்ட நாள் அசையாமல் படுத்தால் கால் சிரைகளில் ரத்தம் உறையும் என்பதுதான் மருத்துவர்களின் கவலை. படுக்கையிலும் அசைவை விடாமல் வைத்துக்கொண்ட அவருடைய பிடிவாதத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

1989 பிப்ரவரி 28 அன்று, நூறு வயதைக் கடந்த நிலையில் காலமானார். அவர் நூறு வயது வாழ்ந்ததற்கு யோகாதான் காரணம் என்று ஒரே ஒருவரின் வாழ்க்கையை வைத்து நிரூபிக்க முடியாது. மரபணு, உணவு, அதிர்ஷ்டம் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

ஆனால் அவர் தன் வழியை மாற்றிக்கொண்டதில் நமக்குப் பாடம் இருக்கிறது. நாடியை நிறுத்தும் வித்தை சில நொடிகளுக்கு மட்டுமே ரத்த ஓட்டத்தை மாற்றியது. மூச்சை விட்டதும் எல்லாம் பழையபடி ஆனது. சென்னையில் அவர் ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொடுத்த, தினமும் செய்ய வேண்டிய சின்னப் பயிற்சியில் கைதட்டல் வாங்க எதுவும் இல்லை. ரத்தமும் குழாயும் மாறுவது அப்படிப்பட்ட அன்றாடப் பயிற்சியால்தான். விட்டுவிட்டால், கூடிய பிளாஸ்மா சில வாரங்களிலேயே இறங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. ஞாயிறு ஒருநாள் மாமல்லபுரம் வரை மிதித்துவிட்டு ஆறு நாள் நாற்காலியில் உட்காருவதைவிட, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, மணிக்கொரு முறை எழுந்து கெண்டைக்காலுக்கு வேலை கொடுப்பது நல்லது. ஞாயிறு சைக்கிளையும் விட வேண்டாம். தண்ணீர் பாட்டிலை மட்டும் மறக்காதீர்கள்.